இருபதாம் நாள் பீடி

எங்கள் அண்ணன் பீடியை விட்டதால்தான் செத்தார் என்று எங்கள் ஊர் சிலமலையில் இன்றைக்கும் நம்புகிறார்கள். போடி ஜீப் ஸ்டாண்டிலும் அந்தப் பேச்சு உண்டு. யாராவது "இனிமே குடிக்க மாட்டேன்" என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவன் அண்ணனைச் சொல்லிப் பயமுறுத்துவான். "அவரு நல்லாத்தான் இருந்தாரு. டாக்டர் பேச்சைக் கேட்டு விட்டாரு. ஏழே மாசம்." இந்தக் கதையை முதலில் சொன்னவன் நான். கதை பொய். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, சுற்றி வளைக்கவும் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொய் என்று தெரிந்த பிறகும் சில வருசம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அண்ணன் மகன் இருமத் தொடங்கியதால்தான் திறக்க வேண்டியதாயிற்று. அவனுக்கு நாற்பத்தொரு வயது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் போடியிலிருந்து மேலே ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற ஜீப் அவனுடையது. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். விடச் சொன்னால் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான். "எங்கப்பா விட்டுத்தான செத்தாரு?" 

நானும் அண்ணனும் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் வேலை பார்த்தவர்கள். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே விறகு அடுப்பு எரியும். அதிலிருந்து தகரக் குழாய் அறைக்குள் நுழைந்து, தரையோரமாகச் சுற்றி ஓடி, மறுபக்கம் கூரைக்கு மேலே போய் நிற்கும். சூடு அறைக்குள் தங்கும், புகை வெளியே போய்விடும். தட்டுத் தட்டாகக் காய் அந்தச் சூட்டில் காயும். குழாயில் ஒரு ஓட்டை விழுந்தால் தீர்ந்தது. ஏலக்காய் போல வாடை பிடிக்கிற சாமான் வேறு கிடையாது. ஒரு இழை புகை பட்டாலும் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிறம் பச்சையாக, பருமனாக, பார்க்க லட்சணமாக இருக்கும். கீழே போடியில் காய் வாங்க வருகிற ஒருத்தன் நாலு காயை உள்ளங்கையில் நசுக்கி மூக்குக்குக் கொண்டுபோவான். முகத்தைச் சுளிப்பான். அந்த லோடை அதற்குப் பிறகு எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அதனால் அண்ணன் அந்தக் குழாயைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். உளுந்தம்பருப்பு அளவு ஓட்டையை மூக்காலேயே கண்டுபிடித்து மண் குழைத்து அப்புவார். ஸ்டோர் வாசலுக்கு நாற்பது அடிக்குள் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. ஒருமுறை தோட்டத்து முதலாளியின் மைத்துனர் சிகரெட்டோடு வாசல்வரை வந்துவிட்டார். மலையாளத்துக்காரர். "சேட்டா, அணைச்சிட்டு வாங்க" என்றார் அண்ணன். "கொழப்பமில்ல, ரெண்டு இழுப்புதான்" என்றார் அவர். "ஒங்களுக்குக் கொழப்பமில்ல. காய்க்கு இருக்கு. காயி ஒங்க மச்சானோடது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்த அண்ணன்தான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தார். நாற்பது அடி தள்ளி ஒரு பாறை உண்டு. அங்கே போய்க் குடிப்பார். குடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், வாய் கொப்பளிப்பார், மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போவார். எல்லாம் காய்க்காக. நானும் அதேதான் செய்தேன். முப்பது வருசம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். காய்க்கு ஆகாத புகை நெஞ்சுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று இரண்டு பேரில் ஒருத்தனுக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

எங்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை. எங்களுக்கென்று ஒரு வைத்தியம் இருந்தது, அதில்தான் எல்லாக் கோளாறும். மலைக் குளிருக்குப் பீடி நல்லது. காலை மஞ்சு மூட்டமாக இறங்கும்போது நெஞ்சில் சூடு இல்லாவிட்டால் சளி கட்டும், பீடி அதைக் கரைக்கும். காலில் அட்டை ஏறினால் பீடி நெருப்பை வைத்தால் சுருண்டு விழும், ஆக பீடி மருந்துச் சாமான். காலையில் ஒன்று இழுக்காவிட்டால் வயிறு இறங்காது. சிகரெட்தான் கெடுதல், அது காகிதம், பீடி இலை. சிகரெட் குடிக்கிறவன் இதையே திருப்பிச் சொல்வான், பீடிக்குப் பஞ்சு இல்லை, அதுதான் கெடுதல் என்று. பாக்கெட் மேலே போட்டிருக்கிற அழுகிப்போன தொண்டை வேறு எவனோ ஊர் பேர் தெரியாதவனுடையது. எல்லாவற்றுக்கும் மேலே எங்களிடம் ஏலக்காய் இருந்தது. ஒரு பீடி குடித்தால் இரண்டு ஏலக்காயை மெல்லு, நெஞ்சு சுத்தமாகிவிடும். இதை நாங்கள் சத்தியமாக நம்பினோம். உலகமெல்லாம் வாங்கித் தின்கிற மருந்து எங்கள் சட்டைப் பையிலேயே கிடக்கும்போது எங்களுக்கு என்ன வரும்?

அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாறைக்குப் போகிற நாற்பது அடியிலேயே இரண்டு இடத்தில் நின்றார். மதினி அவரை வம்படியாகப் போடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் நிறையக் கெட்டிருக்கிறது, போனது போனதுதான், இன்றைக்கே பீடியை விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. அண்ணன் அன்றைக்கே விட்டார். நானே எதிர்பார்க்கவில்லை. சிலமலையில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். மறுநாள் இன்னொன்று.

நான் மேலே ஸ்டோரில் இருந்தேன். கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்க வந்தேன். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் கொட்டகைப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு இருமலை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. குடிக்கும்போது கூட அப்படி இருமியதில்லை. கரியும் பழுப்புமாகச் சளி வந்து விழுந்தது. கண்ணில் தண்ணீர். சுவரில் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது கோடு.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "என்னண்ணே இது? விட்டப்புறம்தான இப்படி இருக்கு?" என்றேன்.

"ஆமாப்பா. பத்து நாளா இப்படித்தான்."

"ஒடம்பு கேக்குது. இத்தன வருசம் குடுத்துட்டுத் திடீர்னு நிப்பாட்டுனா தாங்குமா? மாட்டுக்கே தீவனத்தை மாத்துனா கழியுது."

"டாக்டர் கொஞ்ச நாளு இருமத்தான் செய்யும்னு சொன்னாரே."

"அவரு என்னைக்குப் பீடி குடிச்சாரு? அவருக்கு என்ன தெரியும்?"

என் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்தேன். அண்ணன் கையை ஆட்டினார். "வேணாம்ப்பா. பத்தொம்பது நாளு ஆச்சு."

"ஒண்ணே ஒண்ணு. சளி கரையட்டும். நான் சொல்றேன்ல."

நானே பற்ற வைத்து அவர் விரலில் சொருகினேன். அவர் கேட்கவில்லை. கெஞ்சவில்லை. நான்தான் கொடுத்தேன். இந்த இடத்தை மட்டும் நான் பல வருசம் மனசுக்குள்கூட வேறு மாதிரி மாற்றி வைத்திருந்தேன், அவர் கேட்டது போலவும் நான் மறுத்தது போலவும். அப்படி நடக்கவில்லை.

குடித்தார். இருமல் நின்றது. நிஜமாகவே நின்றது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். அந்த அரை மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது. பெரிய வைத்தியன் ஆகிவிட்டேன் என்று எனக்கு நினைப்பு. மிச்சக் கட்டைக் கட்டில் கயிற்றுக்கு அடியில் சொருகி, கூடவே ஒரு பிடி ஏலக்காயும் கொடுத்தேன். "மதினி வர்றதுக்குள்ள வாயில போட்டுக்கங்க."

அடுத்த வாரம் இன்னொரு கட்டு. அதற்கடுத்த வாரம் இரண்டு. மதினிக்குக் கடைசிவரை தெரியாது. ஏலக்காய் வாசம் அந்த வீட்டில் யாருக்கும் புதுசு இல்லை. சுவரில் இருபதாவது கோடு விழவில்லை. மதினி அதைக் கவனித்திருந்தால், எண்ணி எண்ணி அலுத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

டாக்டரிடம் போனதிலிருந்து ஏழாவது மாசம் அண்ணன் போனார். கருமாதிக்கு வந்தவர்கள் கேட்டார்கள், பீடியைத்தான் விட்டாரே, பிறகு என்ன என்று. நான் சொன்னேன், "விட்டதாலதான்." யோசித்துச் சொன்னது இல்லை. வாய் சொல்லிவிட்டது. ஆனால் நான் அதை நம்பினேன். பத்தொன்பது நாள் நிறுத்தியதில் உடம்பு உடைந்துவிட்டது, அதற்குப் பிறகு நான் பீடி கொடுத்தும் சரிக்கட்ட முடியவில்லை, இதுதான் என் கணக்கு. மதினி அன்றைக்கு அந்த டாக்டரை வைய ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் கொட்டகைச் சுவருக்கு நான் வெள்ளையடித்தேன். யாரும் சொல்லி இல்லை.

பிறகு நான் எப்படி விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் பயந்து இல்லை, சாவுக்குப் பயந்தும் இல்லை. போடியிலிருந்து ஒரு சாம்பிள் திரும்பி வந்தது. பீடி வாடை அடிக்கிறதாம். குழாயை முழுக்கத் தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. சுற்றிப் பார்த்தால் என் சட்டை. அண்ணன் போன பிறகு சட்டை மாற்றுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன், கையையும் ஒழுங்காகக் கழுவுவதில்லை. என் கையிலிருந்து போன வாடை. முதலாளி கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "ஒங்க அண்ணன் இருந்தா இது நடக்குமா?" என்று மட்டும் கேட்டார். அன்றோடு நிறுத்தினேன். காய்க்காக விட்டேன். என் நெஞ்சுக்காக இல்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து எனக்கு இருமல் பிடித்தது. அதே இருமல், அதே கரிச் சளி. சரி, நம் கதையும் ஏழு மாசம்தான் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் பறிப்பு நேரம், காய் குவிந்து கிடந்தது, அந்த முதலாளி முன்னால் மறுபடி பீடியோடு நிற்க ரோசம் விடவில்லை. பொறுத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் இருமல் குறைந்தது. ஏழாவது வாரம் இல்லவே இல்லை.

அந்த வருசம் காய் முடிந்ததும் வழக்கம்போல அடுப்பை அணைத்துக் குழாயைக் கழற்றினேன். எரிகிற குழாய் கரியைக் கொட்டாது. அணைத்து, ஆறவிட்டு, கட்டையால் தட்டினால்தான் கூடை கூடையாக விழும். வருசா வருசம் அண்ணனும் நானும் சேர்ந்து செய்த வேலை. ஒரு பக்கம் அவர் பிடிப்பார், நான் தட்டுவேன். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அண்ணன் உடம்பு உடையவில்லை. அணைந்த குழாய் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அவர் விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். டாக்டரே சொல்லவில்லை. ஆனால் அவர் நெஞ்சு, அவர் போட்ட கோடு, அதை நடுவில் அழிக்க நான் யார்?

இவ்வளவும் புரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறென்ன. போன மாசம் அண்ணன் மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவே இல்லை.

"மாமா, நேத்து பதினொண்ணாவது வளைவுல வண்டியை நிப்பாட்டிட்டாரு. இருமி இருமிக் கண்ணு தெரியலையாம். பின்னாடி பன்னெண்டு பொம்பளைக. ஒரு கிழவி எறங்கி நடந்தே வந்துருச்சு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் சொன்னா கேப்பானா?"

"அவுக அப்பா சாவைக் கிட்டயிருந்து பாத்தது நீங்கதான? விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க மாமா."

 மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போய் அவன் வண்டியில் முன் சீட்டில் ஏறினேன்.  வழியெல்லாம் பின்னால் இருந்த பெண்கள் அவனைக் கலாய்த்துக்கொண்டே வந்தார்கள். "அப்பு, இன்னைக்கு வளைவுல நிப்பாட்டாம போவியா? இல்ல நாங்க இப்பவே நடக்கவா?" "நீ இருமுனா வண்டியே குலுங்குது, வெரசா வேற டைவரைப் பாக்கணும்டி." அவன் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. 

போடிமெட்டு தாண்டி அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினான். சிகரெட்டை எடுத்தான். "என்ன சித்தப்பா, ஒங்க மருமக அனுப்பிவிட்டாளா? சொல்லுங்க. சொல்லிட்டு எறங்குங்க. எங்கப்பா விட்டாரு, என்ன ஆச்சு?"

"ஒங்கப்பா விடலடா."

"என்னது?"

"பத்தொம்பது நாளுதான். இருபதாம் நாளு நான் குடுத்தேன். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒங்கம்மாவுக்குத் தெரியாம."

கையில் சிகரெட் எரிந்துகொண்டே இருந்தது. அவன் இழுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டாரா?"

"கேக்கல. வேணாம்னாரு."

"எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் அந்த டாக்டரை வஞ்சிட்டு இருக்கு."

"தெரியும்."

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். எங்கப்பன் விட்டதால செத்தான்னு. ஸ்டாண்டுல மூணு பேரு என் பேச்சைக் கேட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கானுங்க. எல்லாம் தெரிஞ்சிட்டே நீங்க டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"எறங்குங்க."

இறங்கினேன். அவன் போய்விட்டான். போடிமெட்டு வரை நடந்து பஸ் பிடித்துக் கீழே வந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தாலும் தேவலை.

அன்றைக்கே மதினியிடம் போய் நானே சொன்னேன். அவன் வாயால் தெரிவதைவிட அதுதான் முறை என்று பட்டது. மதினி முறத்தைக் கீழே வைத்தார். "அதான் அந்தக் கோட்டை வெள்ளையடிச்சியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அந்த டாக்டரை வைவதை நிறுத்திவிட்டதாக மருமகள் சொன்னாள். என்னை வைகிறாரா என்று நான் கேட்கவில்லை.

ஜீப் ஸ்டாண்டில் அண்ணன் கதையைச் சொல்கிறவனிடமெல்லாம் இப்போது நான் போய் நிற்கிறேன். "அது பொய், நான்தான் குடுத்தேன்" என்கிறேன். பாதிப்பேர் நம்புவதில்லை. "வயசானா இப்படித்தான் எதையாவது மேல போட்டுக்கத் தோணும்" என்று எனக்கே சமாதானம் சொல்கிறார்கள். நான் சொன்ன பொய்யை ஒரே பேச்சில் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள்.

நேற்று மேலே போக வேண்டிய சோலி இருந்தது. ஸ்டாண்டில் அவன் வண்டி ஒன்றுதான் நின்றது. கேட்காமல் ஏறினேன். அவன் வண்டியை எடுத்தான். மூன்றாவது வளைவிலேயே இருமத் தொடங்கினான். முன்னைவிட மோசமான இருமல். ஓரமாக நிறுத்தி, இருமி முடித்து, துப்பிவிட்டு எடுத்தான். நான் அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். எப்போதும் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கும் பை தட்டையாக இருந்தது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினான். அங்கேயும் இருமல் விடவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். டீக்கடைக்காரர் அவனுக்குப் பழக்கம். கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிகரெட்டை உருவி நீட்டினார்.

"என்ன மாப்ளே, ஒரு வாரமா இந்தப் பாடு? விட்டதுலருந்துதான? ஒண்ணே ஒண்ணு போடு. சளி கரைஞ்சிரும்."

 அதே வார்த்தை. நான் எழுந்து அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்று பார்த்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவன் நிமிர்ந்து வாயைத் துடைத்தான். சிகரெட்டைப் பார்த்தான்.

"வேணாண்ணே. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒருத்தர் குடுத்தாரு."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னான். டீக்கடைக்காரர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் போய் வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டான். பின்னால் பெண்கள் சத்தம் போட்டார்கள், நேரமாகிறது என்று. வண்டி உறுமிக்கொண்டே நின்றது, நகரவில்லை. பிறகுதான் முன் கதவு திறந்தே இருப்பதைப் பார்த்தேன்.

"ஏறுங்க" என்றான். சித்தப்பா என்று சொல்லவில்லை.

ஏறினேன். அடுத்த வளைவில் மறுபடியும் இருமினான்.